ஃபார்மட் பண்ணிடலாமா?

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் அன்றாடம் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "ஃபார்மட் பண்ணிடலாமா?" மெஷினைக் கொண்டுவந்தவர் பெரும்பாலும் அரை மனதோடு தலையாட்டிவிடுவார். வேலை நிற்கிறது, வேறு வழியும் தெரியவில்லை. அந்த ஒரு தலையாட்டலில் பிள்ளைகளின் புகைப்படங்கள், கடைக் கணக்கு, கல்லூரிப் பாடக் குறிப்பு என்று எல்லாம் போய்விடும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்கும் 2023-ம் ஆண்டு ஐப்பசி மழையோடு சேர்ந்து இந்தக் கேள்வி வந்தது. அங்கே தலையாட்டியிருந்தால் போயிருக்கக்கூடியவை பட்டுப்புடவை டிசைன்கள். இரண்டு வருட உழைப்பு.

தறிக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர்

அந்த வீட்டில் அப்பா தறியில் உட்காருகிறார். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கும் கோர்வை வேலைக்கு அம்மா பக்கத்தில் இருந்து கை கொடுக்கிறார். மூத்த மகள் டிசைன் வரைகிறார். இளைய மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான்.

பட்டுச் சேலையில் ஓர் அன்னமோ, மாங்காயோ, கோபுரமோ விழ வேண்டுமென்றால், அதை முதலில் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். எந்த இடத்தில் எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதைக் கட்டங்கள் சொல்லும். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், துளை இருக்கும் இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. 1804-ல் பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய முறை இது. 'துளை உண்டு, துளை இல்லை' என்கிற இந்த யோசனையைத்தான் பிறகு சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் மூதாதை ஒருவர், ஒரு வகையில், இன்றும் காஞ்சிபுரம் வீடுகளில் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்.

முன்பு கட்டம் போட்ட பெரிய தாளில் பென்சிலால் வரைந்ததை இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். அக்கா வரைவதும் அப்படித்தான். அவர் பயன்படுத்தும் டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். தம்பிக்கோ கல்லூரி வேலைக்கு லினக்ஸ் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். சென்னை ரிட்சி தெருவில் வாங்கிய பழையது. அதில் ஏற்கெனவே இருந்த விண்டோஸ் 10-க்குப் பக்கத்திலேயே, இடத்தைப் பிரித்து, டெபியன் லினக்ஸையும் தம்பி போட்டுவிட்டான். லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு பெயர்கள் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் அது திறக்கும். இதைத்தான் 'டூயல் பூட்' என்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழகிய விஷயம்தான். தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாள் அது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது.

லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே அந்த லேப்டாப்தான். திறந்ததும் இரண்டு பெயர்கள் வரும். பலர் இரண்டாவது பெயரைத் தொட்டதே இல்லை. சிலர் தொட்டார்கள். பிளஸ் டூ படிக்கும்போது அரசு லேப்டாப் வாங்கிய இந்த அக்கா, அதில் பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்தவர்களில் ஒருவர். அதனால்தான் தம்பி டெபியன் போடுகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

காஞ்சிபுரத்துக்கென்றே ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 'காஞ்சி லக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் கூடிப் பேசுகிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்லித்தரும் 'கணியம்' இதழும் 2012 முதல் இணையத்தில் இருக்கிறது. தம்பி லினக்ஸ் கற்றது பாதி கல்லூரியில், பாதி இப்படித்தான்.

"விண்டோஸ் காணோம்!"

டெபியனின் 12-ம் பதிப்பு 2023 ஜூன் 10 அன்று வெளியானது. மழைக்காலத்து விடுமுறை நாளொன்றில் தம்பி பழைய பதிப்பிலிருந்து அதற்கு மாறினான். எல்லாம் சரியாகவே நடந்தது. லேப்டாப் மறுபடி தொடங்கியது, டெபியன் அழகாகத் திறந்தது. மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அக்கா திறந்தார். வழக்கமாக வரும் பட்டியலில் டெபியன் மட்டும் இருந்தது. விண்டோஸ் என்ற வரியே இல்லை. மூடித் திறந்தார். மறுபடியும் இல்லை.

தை முகூர்த்தத்துக்கு ஒரு புடவை ஆர்டர் கையில் இருந்தது. கரையில் ருத்ராட்சம், முந்தானையில் இருதலைப்பட்சி. டிசைன் முடியும் தறுவாயில் இருந்தது. இன்னும் நான்கு நாளில் அட்டைக்குக் கொடுத்தாக வேண்டும். அட்டை தாமதமானால் தறி ஏறுவது தாமதமாகும். பட்டு நெசவில் நாள் தவறினால் கூலி தவறும்.

தம்பி கல்லூரியிலிருந்து வரும்வரை காத்திருக்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் திறந்து பார்த்தார். "விண்டோஸ் போயிடுச்சும்மா. லினக்ஸ் ஏத்துனப்ப அழிஞ்சிருக்கும். ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுத் தந்துடறேன், சாயந்திரம் வாங்க" என்றார்.

அவர் ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. நாளைக்கு இருபது மெஷின் பார்க்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் துருவிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஃபார்மட் என்றால் ஒரு மணி நேரத்தில் நிச்சயம் முடிந்துவிடும். அவருக்கு அது ஒரு மெஷின். அக்காவுக்கு அதற்குள்ளே இருப்பது முக்கியம்.

"வீட்ல கேட்டுட்டு வரேண்ணே" என்று சொல்லி அக்கா திரும்ப எடுத்து வந்துவிட்டார். நல்ல வேளை.

அப்பா கேட்ட கேள்வி

சாயந்திரம் வீட்டில் சத்தம். "நீதான்டா அழிச்சிட்டே!" "நான் எதையும் அழிக்கலக்கா!" அம்மா இருவரையும் அதட்டினார். தறியிலிருந்த அப்பா எழுந்து வந்தார். அவருக்குக் கம்ப்யூட்டரில் ஆன் செய்யக்கூடத் தெரியாது. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அது உள்ள இல்லையா, இல்ல கண்ணுக்குத் தெரியலையா?"

இருவரும் அமைதியானார்கள்.

"புடவையில பூ மாறி விழுந்தா முதல்ல அட்டையைத்தான் பார்ப்போம். பாவையா அறுப்போம்?" என்றார் அவர். மூன்று புடவைக்கான பாவு தறியில் ஏறியிருக்கும். நடுவில் கோளாறு என்றால் எங்கே என்று தேடி அந்த ஓர் இழையை முடிச்சுப் போடுவார்களே தவிர, பாவையே வெட்டி எறிய மாட்டார்கள். நெசவாளருக்கு இது பெரிய தத்துவமெல்லாம் இல்லை. தினப்படி வேலை.

முதல் வேலை: இருக்கிறதா என்று பார்ப்பது

தம்பி டெபியனைத் திறந்தான். ஃபைல்களைக் காட்டும் இடத்தில் இடது பக்கம் இன்னொரு டிரைவ் தெரிந்தது. அதைத் திறந்தால் விண்டோஸின் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. உள்ளே போய், அக்காவின் பெயரிலிருந்த ஃபோல்டரைத் திறந்தான். எல்லா டிசைன்களும் இருந்தன. ருத்ராட்சக் கரையும் இருந்தது. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சிஸ்டம் திறக்காவிட்டாலும் இன்னொரு சிஸ்டம் வழியாக அதன் ஃபைல்களைப் பார்க்கலாம் என்பது டூயல் பூட்டில் இருக்கும் பெரிய வசதி. ஒரே சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டர் என்றாலும் கவலையில்லை. ஒரு பென் டிரைவில் லினக்ஸை எழுதிக்கொண்டு, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி, உள்ளே இருப்பதைப் பார்க்க முடியும்.

பார்த்ததும் தம்பி செய்த அடுத்த வேலைதான் முக்கியம். பழுது நீக்க உட்காரவில்லை. இன்னொரு பென் டிரைவைச் செருகி, டிசைன் ஃபோல்டர் முழுவதையும் நகல் எடுத்தான். விண்டோஸ் டிரைவில் எதையும் எழுதவில்லை, அழிக்கவில்லை. படித்து எடுத்ததோடு சரி. நகல் கையில் வந்த பிறகு வீட்டில் யாருக்கும் பதற்றமில்லை. அதற்குப் பிறகு எது தவறினாலும் தவறுவது மெஷின்தான், உழைப்பு அல்ல.

இரண்டாவது வேலை: நேராக அழைத்துப் பார்ப்பது

ஃபைல்கள் இருக்கின்றன, சரி. விண்டோஸ் ஓடுமா?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நேராக விண்டோஸோ லினக்ஸோ எழுந்துவிடுவதில்லை. முதலில் மதர்போர்டிலேயே இருக்கும் சின்ன புரோகிராம் விழிக்கும். பழைய பெயர் பயாஸ், இப்போதைய பெயர் யு.இ.எஃப்.ஐ. அது ஒரு பூட் லோடரை எழுப்பும். லினக்ஸ் போட்ட மெஷின்களில் அது பெரும்பாலும் 'கிரப்'. கிரப்தான் அந்தப் பெயர்ப் பட்டியலைக் காட்டுகிறது. தேர்ந்தெடுத்த சிஸ்டத்தை எழுப்பிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும்.

ஆகவே கிரப்பின் பட்டியலில் பெயர் இல்லையென்றால், கிரப்பைத் தாண்டி மதர்போர்டிடமே கேட்கலாம். ஆன் செய்த உடனே எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டினால் 'பூட் மெனு' வரும். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தம்பி தட்டினான். இரண்டு வரிகள் வந்தன. ஒன்று டெபியன். இன்னொன்று 'விண்டோஸ் பூட் மேனேஜர்'. அதைத் தேர்ந்தெடுத்தான்.

விண்டோஸ் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது.

அன்று இரவே அக்கா டிசைனில் உட்கார்ந்துவிட்டார். பட்டியல் சரியாகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. விசையைத் தட்டி உள்ளே போனால் போதும்.

தேடாதே என்று சொன்னது யார்?

அப்படியென்றால் பட்டியலில் பெயர் ஏன் போனது? மறுநாள் தம்பி அதைத் தேடினான்.

கிரப் காட்டும் பட்டியல், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் புதிதாகத் தயாராவதில்லை. ஒருமுறை எழுதி வைத்த ஃபைலைத்தான் அது படிக்கிறது. லினக்ஸில் பெரிய அப்டேட் நடக்கும்போது அந்த ஃபைல் மறுபடி எழுதப்படும். அப்போது 'ஓ.எஸ். புரோபர்' என்ற சின்ன புரோகிராம் டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியிலும் எட்டிப் பார்த்து, "இங்கே விண்டோஸ் இருக்கிறது" என்று சொல்லும். பட்டியலில் அந்தப் பெயர் சேரும்.

2021 ஜூனில் வெளியான கிரப் 2.06-ல், இந்த எட்டிப் பார்க்கும் வேலையைத் தானாகச் செய்யாதபடி நிறுத்தி வைத்துவிட்டார்கள். காரணம் பாதுகாப்பு. முழு அதிகாரத்தோடு ஓடும் ஒரு புரோகிராம், முன்பின் தெரியாத எல்லாப் பகுதிகளையும் திறந்து பார்ப்பது ஆபத்து. அங்கே யாராவது விஷமமாக எதையாவது வைத்திருந்தால் அது உள்ளே நுழைய வழியாகிவிடும். டெபியன் 12 இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டது. அதன் வெளியீட்டுக் குறிப்புகளிலும் இதைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். பட்டியல் எழுதப்படும்போதே, 'மற்ற சிஸ்டங்களைத் தேடப்போவதில்லை' என்று திரையில் ஓர் எச்சரிக்கை வரியும் ஓடும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

சரிசெய்ய ஒரே வரிதான். கிரப்பின் அமைப்பு ஃபைலில் 'ஓ.எஸ். புரோபரை நிறுத்து' என்ற வரிக்கு எதிரே 'ஃபால்ஸ்', அதாவது 'இல்லை' என்று இருக்க வேண்டும். டெபியனில் அந்த வரி ஏற்கெனவே எழுதப்பட்டு, முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு முடக்கி வைக்கப்பட்டிருந்தது. தம்பி அந்தக் குறியை மட்டும் நீக்கினான். பிறகு 'அப்டேட் கிரப்' என்ற கட்டளையைக் கொடுத்தான். சில நொடிகளில் திரையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்தது' என்ற பொருளில் ஒரு வரி வந்தது. மறுபடி ஆன் செய்தபோது பட்டியலில் இரண்டு பெயர்களும் இருந்தன.

ஃபார்மட் செய்திருந்தால் அழிந்திருக்கக்கூடியவை அத்தனை டிசைன்கள். உண்மையில் கோளாறு ஒரே ஒரு குறி.

லினக்ஸ் காணாமல் போனால்?

தலைகீழாகவும் நடக்கும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் நேராக விண்டோஸுக்கே போய்விடும், கிரப் பட்டியலே வராது. பெரும்பாலும் மதர்போர்டின் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். யு.இ.எஃப்.ஐ. அமைப்புக்குள் போய் லினக்ஸை மறுபடி மேலே ஏற்றினால் போதும். வரிசையில் அதன் பெயரே இல்லையென்றால்தான் லினக்ஸ் பென் டிரைவில் தொடங்கி கிரப்பை மீண்டும் நிறுவ வேண்டும். அதிலும் ஃபைல்கள் அழியாது.

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, உலகம் முழுக்க டூயல் பூட் மெஷின்கள் பலவற்றில் லினக்ஸ் திறக்க மறுத்தது. 'ஏதோ பெரிய தவறு நேர்ந்துவிட்டது' என்ற பொருளில் மிரட்டலான ஒரு வரி வந்து மெஷின் அணைந்துவிடும். பழைய, ஓட்டை உள்ள பூட் லோடர்களைத் தடுக்கும் பட்டியல் ஒன்று, டூயல் பூட் மெஷின்களுக்கும் போய்ச் சேர்ந்ததுதான் காரணம். அந்த மிரட்டல் வரியைப் பார்த்துப் பயந்து அழித்தவர்களும் இருப்பார்கள். உண்மையில் உள்ளே எதுவும் கெடவில்லை. 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், அந்தத் தடைப் பட்டியலை நீக்கிவிட்டு, மறுபடி செக்யூர் பூட்டைப் போட்டுக்கொள்ளலாம். 2025 மே மாத அப்டேட்டில் இதற்கு நிரந்தரத் தீர்வும் வந்தது.

கை வைப்பதற்கு முன்

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஒன்று, பிட்லாக்கர். விண்டோஸ் டிரைவ் பூட்டப்பட்டிருந்தால், பூட் அமைப்பில் கை வைத்ததும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். அது இல்லையென்றால் ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான். விண்டோஸ் நன்றாக ஓடும்போதே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு, விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் வழியாக அந்த டிரைவில் எழுதுவது ஆபத்து. டூயல் பூட் வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிடலாம்.

ஃபார்மட்டே கூடாது என்பதல்ல. வைரஸ் முழுவதுமாகப் பரவியிருந்தால் அதுவே சரியான வழி. டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டு ஓய்ந்துகொண்டிருந்தால் புது டிஸ்க்தான் போட வேண்டும். ஆனால் அப்போதும் முதல் வேலை, முடிந்த மட்டும் நகல் எடுப்பது. கடைக்காரரிடம் "முதல்ல ஃபைல் தெரியுதான்னு பாருங்கண்ணே, காப்பி எடுத்துட்டு அப்புறம் பண்ணுங்க" என்று சொல்ல எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை.

அந்த வீட்டில் ருத்ராட்சக் கரைப் புடவை தை முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அக்கா ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு டிசைன் முடிந்தால் அன்றே இரண்டு பென் டிரைவ்களில் நகல். ஒன்று அவர் பையில். மற்றொன்று, ரேஷன் கார்டும் நெசவாளர் அடையாள அட்டையும் இருக்கும் தகரப் பெட்டியில். ரெக்கவரி கீ எழுதிய தாளும் அங்கேதான் இருக்கிறது. பெட்டிச் சாவி அம்மாவிடம்.